சொல்லின் கதை: கலைஞர் பெயர் தாங்கிய கலவை

மேனாட்டார் தம் கலவை மதுக்களுக்குப் பெயர் சூட்டும் முறை விந்தையானது. 1884ஆம் ஆண்டு நியூயோர்க்கில் நடிக்கப்பெற்ற ‘அடோனிஸ்’ என்னும் இசை நாடகத்தின் பெயர் ஷெரி கலந்த பானமொன்றுக்கு வாய்த்தது. 1894இல் அந்நகரில் அரங்கேறிய ‘ரொப் ரோய்’ என்னும் இசை நாடகத்தின் பெயர் விஸ்கி கலந்த பானமொன்றுக்கு உரியதாயிற்று. நாடகங்கள் மறைந்தன, பெயர்கள் கிண்ணத்திலே நிலைத்தன. விஸ்கியும் ஷெரியும் ஒருங்கே கலந்த பானமும் ஒன்றுண்டு. அதன் பெயர் ஒரு நாடகத்தையன்று, ஒரு கூட்டத்தாரையே குறிக்கின்றது. ‘ஆர்ட்டிஸ்ட்ஸ் ஸ்பெஷல்’ என்பது அப்பெயர். கலைஞர்க்கெனச் சிறப்பாக அமைந்தது என்பது அதன் பொருள்.

அதன் சேர்க்கை எளியது. ஆறு பங்கில் விஸ்கி இரண்டு, ஷெரி இரண்டு, எலுமிச்சஞ் சாறு ஒன்று. எஞ்சிய ஒன்று, ‘குரோஸெய்’ எனப் பிரெஞ்சு மக்கள் வழங்கும் சிறு செங்கனியின் பாகு.

இவற்றுள் முதலிரண்டின் பெயர்களும் ஆராயத்தக்கன. ஸ்கொட்லாந்தின் பழைய கேலிக் மொழியில் ‘உயிர் நீர்’ எனப் பொருள்படும் ‘உஷ்கெ பெஹா’ என்ற தொடரின் முதற்சொல்லே ஆங்கிலேயர் நாவில் ‘விஸ்கி’ எனத் திரிந்தது. உயிர் என்ற சொல் கழிந்தது. நீர் மட்டும் எஞ்சியது! ஷெரியின் கதை வேறு. தென் ஸ்பெயினிலுள்ள ஹெரேஸ் நகரை ஆண்ட அராபியர் அதனை ‘ஷெரிஷ்’ என்றனர். அவ்வூர்த் திராட்சை மது ஆங்கில நாட்டில் ‘ஷெரிஸ்’ எனப்பட்டது. ஈற்றிலுள்ள ஸகரத்தைப் பன்மை விகுதியென மயங்கிய மக்கள் அதனைக் களைந்து, ‘ஷெரி’ என ஒருமையாக்கினர். இலக்கணப் பிழையொன்று நிலையான சொல்லாகிவிட்டது.

கிண்ணத்திலே கூடுமுன்னரே இவ்விரண்டும் மரத்திலே கூடியவை. ஸ்பெயினிலிருந்து ஷெரியை ஏற்றிவந்த ஓக் மரப் பீப்பாய்கள் பிரித்தானியாவில் வெறுமையானபோது, ஸ்கொட்லாந்தின் வடிசாலையார் அவற்றை வாங்கித் தம் விஸ்கியை ஆண்டுக்கணக்கில் அடைத்து வைத்தனர். விஸ்கி மரத்தினின்று நிறத்தையும், ஊறியிருந்த ஷெரியினின்று மணத்தையும் பெற்றது. ஆகவே இக்கலவை புதியதோர் உறவன்று. பழைய உறவின் தொடர்ச்சியே.

இனி, கலைஞர் பெயர் வந்த வழியைக் காண்போம். பாரிஸ் நகரில் மதுச்சாலை நடத்திய ஸ்கொட்லாந்தியர் ஹரி மக்கெல்ஹோன் 1920களில் வெளியிட்ட கைந்நூல், இக்கலவை பிகால் வீதியிலிருந்த கலைஞர் கழகத்தினின்று கிடைத்ததென்கிறது. அவ்வீதியே 18ஆம் நூற்றாண்டுச் சிற்பி ஒருவரின் பெயரைத் தாங்கியது. 1930இல் லண்டன் சவோய் ஹொட்டலைச் சேர்ந்த ஹரி கிரடொக் வெளியிட்ட நூலோ, பால் புல்லியே என்ற நடனசாலையில் இது பருகப்பட்டதெனக் கூறி, கற்பனை சுரக்கும் மை என்ற கருத்தில் ஒரு பட்டமும் சூட்டுகின்றது.

பிகால் வீதி ஸென் நதிக்கு வடக்கே, மொன்மாத்ர் குன்றின் அடிவாரத்தில் உள்ளது. நடனசாலை இருந்ததோ நதிக்குத் தெற்கே மொன்பார்னாஸ் பகுதியில். ஒரு பானத்துக்கு இரண்டு முகவரிகள்! ஆயின், 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஓவியர் பலர் வடக்கிலிருந்து தெற்கே குடிபெயர்ந்தனர் என்பதை எண்ணின், இரண்டு முகவரிகளும் கலைஞர் வாழ்ந்த இடங்களே என்பது புலனாகும். 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு நிலவியமையால், கலவை மது வல்லாரும் அதனை விரும்புவோரும் ஐரோப்பாவை நாடினர். அக்காலச் சூழலிலேயே இப்பெயர் பரவியது.

பெயரின் வரலாறு இவ்வளவே. பெயர் கூறும் கருத்து மெய்யா? மது கற்பனையை வளர்க்கும் என்பது பழைய வாதம். ஷேக்ஸ்பியரின் ‘நான்காம் ஹென்றி’ நாடகத்தின் இரண்டாம் பாகத்தில், ஷெரிஸ் அறிவைக் கூர்மையாக்கும் என ஃபால்ஸ்டாஃப் வாதிடுகின்றான். அவன் பொய்யும் புரட்டும் நிறைந்த வேடிக்கைப் பாத்திரம். நாடக முடிவில் இளவரசனாலேயே கைவிடப்படுபவன்.

மொன்மாத்ர் பகுதியின் வரலாறோ இதற்கு நேர்மாறான சான்றைத் தருகின்றது. 1883இல் அங்குப் பிறந்த மொரிஸ் உத்ரியோ இளமையிலேயே குடிக்கு அடிமையானார். ஓவியர்களுக்கு மாதிரியாக நின்று, பின்னர் தாமே ஓவியராக உயர்ந்த அவர் அன்னை சூஸான் வலதோன், மகனை அப்பழக்கத்தினின்று திருப்ப எண்ணி, அவர் கையில் தூரிகையைக் கொடுத்தார். அம்மருந்து முழுதும் பலித்ததெனக் கூறவியலாது. குடி அவரை நெடுங்காலம் விட்டபாடில்லை. எனினும் அக்குன்றின் வெண்சுவர் வீதிகளை உலகம் இன்று அவர் ஓவியங்களிற் காண்கின்றது. அங்கே மது கலையைப் பெற்றெடுக்கவில்லை. மதுவுக்கு மருந்தாகக் கலை தரப்பட்டது.

பெயரிடுவோர் வணிகர்; பெயரை நம்புவோர் இளைஞர். கிண்ணத்தின்மேல் கலைஞன் பெயரை எழுதுதல் எளிது. அக்கலைஞனை வளர்த்தெடுத்தது கிண்ணமன்று, ஒரு தாயின் பொறுமையும் நாள்தோறும் செய்த உழைப்புமே என்பதை நம் பிள்ளைகள் அறிதல் நலம்.