திறப்பு அவர்கள் கையில்

சிப் விலையைப் பற்றிக் கொதிச்சுக் கதைக்கேக்கை நண்பர் மடக்கினார்: "அல்பர்ட்ஸ்லுண்டில் உங்கடை ரெஸ்ரோரண்டிலும் மத்தியானம் ஒரு விலை, இரவு ஒரு விலைதானே? ஒரே சட்டிக் கறி!"

உண்மைதான். ஆனால் மத்தியானம் வாறவரின் கறியில் நாங்கள் மண் அள்ளிப் போடுறதில்லை.

இன்ரெல் போட்டது. 1991இல் வந்த 486எஸ்எக்ஸ், தொடக்கத்தில் விலைகூடின 486டிஎக்ஸ் சிப்தான். தசமக் கணக்குப் போடும் பகுதியை வேணுமென்றே செயலிழக்கச் செய்து மலிவாக விற்றார்கள். அந்தக் கணக்குத் தேவைப்பட்டவன் 487எஸ்எக்ஸ் வாங்கிச் செருகவேணும். அது என்ன தெரியுமோ? முழு டிஎக்ஸ்! பழைய சிப்பை நிற்பாட்டிவிட்டு எல்லா வேலையையும் தானே செய்யும். ஒரு மூளைக்கு இரண்டு தரம் காசு!

உற்பத்தியில் பழுதானதை விலை குறைத்து விற்றால் நியாயம். நொருங்கின அப்பளத்தை நானும் அப்பிடித்தான் குடுப்பன். நல்லதை நொருக்கிப்போட்டு விற்கிறது வேறை கதை.

2010இல் பென்ரியம் ஜி6951க்கு 50 டொலர் அட்டை விற்றார்கள். இலக்கத்தை அடித்தால், ஏற்கெனவே உள்ளே பூட்டிக் கிடந்த கேஷ் நினைவகம் திறக்கும். 2011இல் கைவிட்டார்கள். 2023இல் சர்வர்களுக்கான சியோனில் அதே பூட்டு திரும்ப வந்தது.

மலிவாக விற்கட்டும், வேண்டாம் என்றில்லை. உள்ளே எதைப் பூட்டியிருக்கு என்று பெட்டியில் பெரிசா எழுதி விற்கட்டும் பார்ப்பம்.