ஒரு குழிக்கு ஒரு கிருமி!

கொடைக்கானலில் பஸ் ஏறினால் பூம்பாறை, மன்னவனூர் எல்லாம் தாண்டித்தான் பூண்டி வரும். பெயர்ப் பொருத்தம் பாருங்கள், இது மலைப்பூண்டு விளையும் சீமை! 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பூண்டு அது.

இந்த ஊரில் ஒரு தாய்க்கு நீர்க்கடுப்பு என்று வைத்துக்கொள்வோம். காய்ச்சலும் அடிக்கிறது. எந்த மருந்துக்கு அந்தக் கிருமி அடங்கும்? சிறுநீரைச் சோதனைக்குக் கொடுத்தால் முடிவு தெரிய இரண்டு, மூன்று நாள் ஆகும். அதுவரை வலி பொறுக்குமா? டாக்டர் உத்தேசமாக ஒரு மாத்திரை எழுதிக் கொடுக்கிறார். அவரைக் குறை சொல்லிப் பயன் இல்லை. சிலர் டாக்டரிடமும் போவதில்லை. பக்கத்து வீட்டில் மிச்சம் இருந்த மாத்திரையை வாங்கி விழுங்குகிறார்கள்!

மருந்து தவறினால் சாகாத கிருமி பிழைத்துப் பெருகும். பிறகு அதே மாத்திரை அதனிடம் பலிக்காது.

சோதனைக்கு ஏன் இத்தனை நாள்? ஒரு மில்லிமீட்டரை 500 கூறு போட்டால் ஒரு கூறுதான் அந்தக் கிருமியின் நீளம். கண்ணாடித் தட்டில் அது லட்சம், கோடி என்று பெருகினால்தான் நம் கண்ணுக்குப் புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளிக்காகத்தான் காத்திருக்கிறார்கள்.

இதற்கு விஞ்ஞானிகள் ஒரு வழி கண்டார்கள். பூண்டு நடுகிறவர்களுக்கு அது உடனே விளங்கும். ஒரு குழிக்கு ஒரு பல் என்று ஊன்றுகிறோம் அல்லவா? எது முளைத்தது, எது முளைக்கவில்லை என்று தனித்தனியே தெரிந்துவிடும். அதேபோல, தலைமுடியைவிட மிகக் குறுகலான சந்துகளை ஒரு சில்லில் செதுக்கினார்கள். அவற்றில் கிருமிகளைத் தனித்தனியே அடைத்தார்கள். வாய்க்கால் நீர்போலச் சத்துநீர் பக்கத்தில் ஓடும். 2010-இல் அமெரிக்காவில், ஹார்வர்டு விஞ்ஞானிகள் இப்படி அடைத்த தாய்க் கிருமிகளை 200 தலைமுறைகள் வரை கவனித்தார்கள். சேய்கள் சந்தின் வாய்வழியே நீரோடு போய்விடும். தாய் மட்டும் அடியிலேயே இருக்கும்!

சுவீடன் நாட்டு உப்சாலா பல்கலைக்கழகத்தார் 2017-இல் இன்னும் ஒரு படி ஏறினார்கள். சில சந்துகளில் மருந்து கலந்த சத்துநீர், மற்றவற்றில் வெறும் சத்துநீர். நுண்ணோக்கியில் பொருத்திய காமிரா ஒவ்வொரு கிருமியின் வளர்ச்சியையும் அளந்தது. மருந்துப் பக்கம் வளர்ச்சி குன்றினால் அந்த மருந்து பலிக்கும் என்று பொருள். பெருகும்வரை காத்திருக்க வேண்டாம். அரைமணி நேரத்துக்குள் விடை கிடைத்தது!

இந்த முறையில் அமைந்த மேஜைக் கருவி ஒன்றுக்கு 2024 ஜூனில் 80 லட்சம் பவுன் 'லாங்கிடியூட்' பரிசு கிடைத்தது. சில சொட்டுச் சிறுநீரை வைத்து, ஐந்து மருந்துகளில் எது பலிக்கும் என்று 45 நிமிடத்தில் சொல்லிவிடுகிறது. ரத்தத்தில் ஏறிய கிருமிக்கு இது உதவாது. சிறுநீர்க் கிருமிக்கு மட்டும்தான். ஆனால் பெண்களை அடிக்கடி வாட்டுவது அதுதானே?

கருவி வெளிநாட்டுச் சரக்கு. விலை நம் கைக்கு எட்ட வேண்டுமானால் இங்கேயே செய்ய வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யில் இத்தகைய நுண்வாய்க்கால் ஆராய்ச்சி நடக்கிறது. சர்க்காரும் ஆராய்ச்சிக்காரர்களும் சேர்ந்து இதற்கு ஒரு கெடு வைத்து வேலை செய்ய வேண்டும். 2021 முதல் வீடு தேடி மருந்து கொண்டுபோகும் திட்டத்தை நடத்தும் அரசுக்கு இது முடியாத காரியம் அல்ல.

வழக்கமாகப் புதுக் கருவி எதுவும் முதலில் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கே போகும். இந்தத் தடவை வரிசை மாறட்டும். சோதனைச்சாலை பக்கத்தில் இருக்கிறவர்கள் இரண்டு நாள் காத்திருக்கலாம். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய பூண்டிக்காரருக்குத்தான் 45 நிமிடத்தின் அருமை தெரியும். முதல் கருவிகள் மலை ஏறட்டும்!