மதிப்பெண் சந்தைக்கு ஓர் எம்.ஏ. எதற்கு?

பத்தாம் வகுப்புவரை மூன்று மொழிகள். அவற்றில் குறைந்தது இரண்டு இந்திய மொழிகளாக இருந்தாக வேண்டும் என்று, 2023-ல் வெளியான பள்ளிக் கல்விக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகம் சொல்லிவிட்டது. அந்த விதி சிபிஎஸ்இ பள்ளிகளுக்குள் இறங்கத் தொடங்கியதும் பிரெஞ்சு ஆசிரியர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது. ஆங்கிலத்தை எந்தப் பள்ளியும் விடாது. எஞ்சிய இரண்டு இடமும் இந்திய மொழிகளுக்குப் போய்விட்டால், விரும்பினால் படிக்கும் நான்காவது மொழி என்ற அலங்காரம்தான் பிரெஞ்சுக்கு மிச்சம். அந்நிய மொழி மோகத்தை ஒழிக்கப் புறப்பட்டு, ஆங்கிலத்தை மட்டும் தொடாமல் சுற்றிப்போகும் இந்தத் தேசபக்தியைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். என் எரிச்சல் இப்போது அதன்மேல் இல்லை.

பல்கலைக்கழகப் பிரெஞ்சு வட்டாரங்களில் எழும் ஒப்பாரியின்மேல்தான் எரிச்சல். “பள்ளியில் பிரெஞ்சு போய்விட்டால் எம்.ஏ. பிரெஞ்சை யார் படிப்பார்கள்?” என்கிறார்கள். இதைவிட வெளிப்படையான ஒப்புதல் வாக்குமூலம் வேண்டுமா? மொழி, மொழியியல், இலக்கியம் மூன்றையும் கற்பிக்கும் முதுநிலைப் படிப்பு, பள்ளிகளுக்கு ஆசிரியர் அனுப்பும் வேலையை நம்பியே மூச்சு விடுகிறது என்பதுதானே இதன் பொருள்!

அந்தப் பள்ளிப் பிரெஞ்சின் லட்சணம் நமக்குத் தெரியாததல்ல. 2006-ல் வந்த தமிழ் கற்றல் சட்டத்தால் பத்தாம் வகுப்புவரை தமிழை விட முடியாது. பதினோராம் வகுப்பில் கால்வைத்ததும் தமிழைக் கழற்றிவிட்டு, அரிச்சுவடியிலிருந்து பிரெஞ்சைத் தொடங்கி, இரண்டே ஆண்டில் நூற்றுக்கு நூறை நெருங்கும் பிள்ளைகளை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். கோடிட்ட இடத்தை நிரப்பி, மனப்பாடம் செய்த கடிதமொன்றை எழுதிவிட்டு வருகிறார்கள். அப்பிள்ளைகள் பிறகு வாழ்நாளில் ஒரு பிரெஞ்சு வாக்கியம் படிப்பதில்லை. இந்தச் சந்தைக்குச் சரக்கு மாஸ்டர் தேவைதான், எம்.ஏ. எதற்கு?

எம்.ஏ. வகுப்பறைக்குள் நடப்பது என்ன? ரோலாந்தின் வீரகாவியத்தில் தொடங்கி மொலியேர், வொல்த்தேர் வழியாகக் கம்யு வரை ஓர் ஓட்டம். பிரான்சின் பள்ளிப் பிள்ளைகளுக்காக இரண்டாம் உலகப் போருக்குப் பின் தொகுக்கப்பட்ட லகார்த் - மிஷார் தொகுதிகள்தான் இங்கே பல மாணவர்களுக்கு இலக்கிய வரலாறு. மொழியியல் தாளில் சோசூர் வருவார். அவர் இறந்தபின் மாணவர்களின் குறிப்பேடுகளிலிருந்து தொகுத்து 1916-ல் வந்த நூலை விழுந்து விழுந்து படிப்பார்கள். அவருடைய குறிக் கோட்பாட்டை நன்னூலின் இடுகுறி, காரணம் என்ற பகுப்போடு வைத்துப் பார் என்று ஒரு கேள்வி வராது.

‘வேலைவாய்ப்பு’ என்று வாதாடுபவர்களுக்கு ஒரே பதில்: சென்னை நிறுவனங்கள் கேட்பது பிரெஞ்சு மொழித்திறனுக்கான பி2 நிலைச் சான்றிதழை. 1953-லிருந்து சென்னையில் இயங்கும் அலியான்ஸ் பிரான்சேஸின் மாலை வகுப்பு அதற்குப் போதும். 2030-க்குள் 30,000 இந்திய மாணவர்கள் பிரான்சுக்கு வர வேண்டும் என்று அதிபர் மக்ரோன் அறிவித்ததைக் காட்டுபவர்கள், அங்கே போகிறவர்களில் எத்தனை பேர் ஆங்கிலவழி மேலாண்மைப் படிப்பில் சேர்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வரட்டும். ‘பண்பாட்டுப் பாலம்’ என்ற பேச்சை வரவேற்புரைகளுக்கு விட்டுவிடுவோம்.

இந்தத் துறைகள் திரும்பிக்கூடப் பார்க்காத வேலை மலைபோல் கிடக்கிறது. 1854 டிசம்பரில் ‘ஒரேலி’ என்ற கப்பல், நம் கடற்கரையில் ஏற்றிய கூலிகளைக் கரீபியக் கடலின் குவாதலூப் தீவில் இறக்கியது. அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகளில் 40,000-க்கும் அதிகமான இந்தியர்கள் அத்தீவுக்குப் போனார்கள். புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களில் ஏறிய தமிழர்கள் அவர்களில் ஏராளம். அவர்களுடைய பிறப்பு, இறப்பு, ஒப்பந்தம் எல்லாம் பிரெஞ்சுப் பதிவேடுகளில் இருக்கின்றன. ராமசாமியும் வைத்தியலிங்கமும் பிரெஞ்சு எழுத்தரின் காதில் விழுந்த விதத்தில் உருமாறி, இன்று அங்கே குடும்பப் பெயர்களாக நிலைத்துவிட்டார்கள். அந்தத் தீவில் பிறந்த ஹென்றி சிதம்பரம், இந்தியக் கூலிகளின் பிள்ளைகளுக்கும் வாக்குரிமை உண்டு என்று 1904-ல் தொடங்கிய வழக்கை 1923 வரை நடத்தி வென்றார். பத்தொன்பது ஆண்டு! அந்த வழக்கின் கதையை அவரே பிரெஞ்சில் எழுதி வைத்திருக்கிறார். பிரெஞ்சில் எம்.ஏ. முடித்த தமிழ் மாணவர்கள் பத்துப் பேரிடம் இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். திருதிருவென விழிப்பார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை, யாரும் சொல்லித்தரவில்லை.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், புதுச்சேரிக்கே வாருங்கள். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்போடு அதே காலத்துப் பிரெஞ்சு நிர்வாகக் குறிப்புகளை ஒப்பிட, பதினெட்டாம் நூற்றாண்டு எழுத்துமுறை தெரிய வேண்டும். இறந்தகால வினைமுடிவுகளில் இன்று ‘அ’ எழுதும் இடத்தில் அன்று ‘ஓ’ எழுதினார்கள். பிரெஞ்சு அகாதெமி தன் அகராதியில் அதை மாற்றியது 1835-ல்தான். கையெழுத்துப் பிரதியில் இது எதிர்ப்பட்டால் இன்றைய மாணவர் முதல் வரியிலேயே நின்றுவிடுவார். 1881-ன் ஆணைப்படி தம் மரபுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற குடும்பங்களின் வாரிசுகளுக்கு இன்றும் பிரெஞ்சு உரிமையியல் சட்டம்தான். பழைய வீட்டுப் பத்திரங்கள் பிரெஞ்சில். மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவெடுக்கும்வரை பிரெஞ்சு ஆட்சிமொழியாக நீடிக்கும் என்கிறது புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைத்த 1956 ஒப்பந்தத்தின் 28-ஆவது பிரிவு. அந்த ஊரில் சட்டமும் தமிழும் பிரெஞ்சும் ஒருசேரத் தெரிந்தவரைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது.

பரிபாடலைப் பிரெஞ்சில் பெயர்த்து 1968-ல் வெளியிட்டவர் பிரான்சுவா குரோ. பிரான்சு தன் அறிஞரை நம் சங்க இலக்கியத்துக்குள் அனுப்பியது. நாம் நம் மாணவர்களை மொலியேருக்கு அனுப்பி, வெறுங்கையோடு திரும்ப வைக்கிறோம். கம்யுவின் ‘அந்நியன்’ போன்ற மொழிபெயர்ப்புகளைத் தமிழுக்குத் தந்தது வெ. ஸ்ரீராம் என்ற தனிமனிதரின் உழைப்பு. எந்தத் துறையின் திட்டமும் அல்ல.

ஆகவே பள்ளியிலிருந்து பிரெஞ்சு போனால் போகட்டும், எம்.ஏ. உருப்பட அதுவே வழி. இளநிலையில் எதைப் படித்திருந்தாலும் நுழைவுத் தேர்வு வழியாக வேறு பாடத்தில் முதுநிலை சேரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2024-ல் வழிவிட்டிருக்கிறது. பிரெஞ்சு அறிந்த தமிழ், வரலாறு, சட்ட மாணவர்களுக்குத் துறைகள் கதவைத் திறக்கட்டும். ஆவண வாசிப்பு, தமிழ் - பிரெஞ்சு மொழிபெயர்ப்பு, புலம்பெயர்ந்தோர் வரலாறு ஆகிய மூன்றையும் கட்டாயத் தாள்களாக்கட்டும். அடுத்த பாடத்திட்டக் குழுக் கூட்டத்தில் இவற்றைச் சேர்க்காத துறைகளை இழுத்து மூடலாம். தமிழுக்கு அதனால் ஒரு நட்டமும் இல்லை.