‘வெறும் விளையாட்டு’ என்று தள்ளலாமா?



ஆண்டு மலரில் தலைமையாசிரியரின் பக்கம் என்றால் ஒழுக்கம், ஒற்றுமை, மொழிப்பற்று ஆகியவற்றைப் பற்றி நான்கு நல்ல வார்த்தைகள் கூறுவதே வழக்கம். இம்முறை ‘அனிமே’ எனப்படும் ஜப்பானிய அசைபடங்களைப் பற்றியும், வீடியோ விளையாட்டுகளிலிருந்து பிறந்த படங்களைப் பற்றியும் எழுதப் போகிறேன் என்றதும் எம் ஆசிரியர்கள் சிலர் சிரித்தனர். இதனை எழுத எனக்குத் தகுதி உண்டா என்பது நியாயமான வினாவே. தகுதி இல்லாமலே தீர்ப்பு வழங்கியவன் என்ற முறையில்தான் எழுதுகிறேன்.

நம் பள்ளி சிறிய பள்ளி. ஆகவே, ஐந்தாம் ஆண்டிற்குத் தமிழ் கற்பிக்கும் பொறுப்பும் என்னிடமே இருந்தது. ‘என் மனத்தைக் கவர்ந்த கதை’ என்னும் தலைப்பில் மாணவர்களைக் கட்டுரை எழுதச் சொன்னேன். ஒரு மாணவன், வீடியோ விளையாட்டிலிருந்து எடுக்கப்பட்ட ஓர் அனிமே படத்தின் கதையை எழுதியிருந்தான். முதற்பத்தியிலேயே வாளும் அரக்கனும் வந்துவிட்டமையால், நான் மேற்கொண்டு கருத்தூன்றிப் படிக்கவில்லை. ‘இது வெறும் விளையாட்டு, கட்டுரைக்குரிய பொருளன்று’ என்று சிவப்பு மையால் எழுதி ஏட்டைத் திருப்பிவிட்டேன்.

பெற்றோர் சந்திப்பு நாளன்று அவனுடைய தாயார் வந்தார். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கும் வேலை செய்பவர் அவர். ஏட்டை என் முன்னே விரித்து, “ஐயா, கடைசி வரியைப் படித்தீர்களா?” என்று மெல்லக் கேட்டார். “என் அப்பாவால் உருவ முடியாத வாளை நான் உருவுவேன்” என்று அங்கே எழுதியிருந்தது. மாணவனை அழைத்து, “தம்பி, அது என்ன வாள்?” என்று கேட்டேன். “ஐந்தாம் படிவம், ஐயா. அப்பா மூன்றாம் படிவத்தோடு நின்றுவிட்டார்” என்றான்.

எனக்கு மறுமொழி தோன்றவில்லை. அடுத்து வந்த பள்ளி விடுமுறையில், என் இளைய மகளின் துணையோடு அப்படத்தைப் பார்த்தேன். அதன் பின்னர் மேலும் சிலவற்றைப் பார்த்தேன். அவற்றைப் பற்றிய என் எளிய கருத்துகளே இக்கட்டுரை.

அம்மாணவன் கண்ட படம் 2019ஆம் ஆண்டில் வெளிவந்த ‘டிராகன் குவெஸ்ட்: யுவர் ஸ்டோரி’. 1992ஆம் ஆண்டில் ஜப்பானில் வெளியான ‘டிராகன் குவெஸ்ட்’ விளையாட்டு வரிசையின் ஐந்தாம் விளையாட்டைத் தழுவியது. சிறுவன் ஒருவன் தந்தையோடு ஊர் ஊராய் அலைகிறான். மகனைப் பகைவர் பிணையாய்ப் பிடித்துக்கொள்ள, அவனைக் காக்கும் பொருட்டுத் தந்தை திருப்பித் தாக்காமல் அடிபட்டே உயிர் விடுகிறார். மகன் பத்தாண்டுக் காலம் அடிமையாய் உழைக்கிறான், தப்பி வருகிறான், மணம் புரிகிறான், தானும் ஒரு தந்தையாகிறான். வழிவழியாய்ப் பேசப்படும் மாவீரனுக்குரிய வாளை அவனால் உருவ முடிவதில்லை. ஏனெனில், அந்த மாவீரன் அவன் அல்லன், அவனுடைய பிள்ளையே! தலைமுறை தலைமுறையாய் இம்மண்ணில் உழைத்துத் தம் மக்களின் கையில் ஏட்டைக் கொடுத்த நம் சமுதாயத்திற்கு, இக்கதையின் பொருளை நான் விளக்கவும் வேண்டுமோ?

இத்துணை நல்ல கதையைக் கொண்ட அப்படம், இறுதிக் கட்டத்தில் தன்னைத்தானே கெடுத்துக்கொள்கிறது என்பது என் கருத்து. வெற்றி பெறும் வேளையில் எல்லாம் உறைந்து நிற்கின்றன. ‘நீ கண்டவை யாவும் பொய், நீ ஒரு விளையாட்டிற்குள் இருக்கின்றாய், இனியேனும் வளர்ந்தவனாய் நடந்துகொள்’ என்னும் பொருள்பட ஒரு குரல் ஏளனம் செய்கிறது. நாயகன் அக்குரலை மறுத்து, தான் வாழ்ந்த கதை தனக்கு உண்மையே என்று கூறி வெல்கிறான். ஆயினும், உடைந்த பானையை ஒட்டவைத்தது போன்ற உணர்வே எஞ்சுகிறது. ஜப்பானிய இரசிகர்கள் பலரும் அம்முடிவைக் கண்டு மனங்கசந்தனர். எனக்கோ வேறொரு கசப்பும் சேர்ந்தது. அந்த ஏளனக் குரல் என் குரலாகவே கேட்டது. நான் சிவப்பு மையால் எழுதிய சொற்களும் அவையே அல்லவா?

விளையாட்டிலிருந்து பிறந்தது என்பதனால் ஒரு கதை தாழ்ந்துவிடாது. ‘போக்கிமோன்’ என்னும் பெயரை அறியாத மாணவர் இலர். சிறு வயதில் பூச்சிகளைத் தேடித் திரட்டிய சதோஷி தஜிரி என்பவர், அந்த மகிழ்ச்சியைப் பிற பிள்ளைகளும் பெற வேண்டும் என்று கருதி உருவாக்கிய விளையாட்டு அது. 1996ஆம் ஆண்டில் விளையாட்டாக வெளிவந்து, 1997ஆம் ஆண்டில் தொலைக்காட்சித் தொடராயிற்று. விளையாட்டில் பலவற்றுள் ஒன்றாய் இருந்த பிக்காச்சு, தொடரில் சிறுவனின் உற்ற தோழனாயிற்று. பிக்காச்சு பின்தொடர்ந்து நடந்துவரும் புதிய விளையாட்டு ஒன்றை, தொடரைப் பின்பற்றியே 1998ஆம் ஆண்டில் வெளியிட்டனர். விளையாட்டு தொடரைப் பெற்றது; தொடர் மீண்டும் விளையாட்டைப் பெற்றது. இதற்குக் காரணம், ‘நட்பு’ என்னும் உயிர்ப்பொருளைத் தொடர் கண்டுகொண்டமையே.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. 2001ஆம் ஆண்டில், புகழ்பெற்ற ‘ஃபைனல் ஃபேன்டசி’ விளையாட்டின் பெயரைத் தாங்கி ஒரு கணினி அசைபடம் வந்தது. அவ்விளையாட்டைப் படைத்த ஹிரோனோபு சகாகுச்சியே இயக்கினார். செலவு சுமார் 137 மில்லியன் அமெரிக்க டாலர். திரையரங்குகளில் ஈட்டியதோ சுமார் 85 மில்லியன். தலைமுடியின் ஒவ்வோர் இழையையும் உயிருள்ளது போல் காட்டியவர்கள், அவ்விளையாட்டை மக்கள் ஏன் நேசித்தனர் என்பதைக் காட்டத் தவறிவிட்டனர். பெயரும் பணமும் மட்டும் ஒரு கதைக்கு உயிரூட்டமாட்டா.

இனி, நம்மிடையே அதிகம் பேசப்படாத தொடர்கள் மூன்றைக் குறிப்பிட விரும்புகிறேன்.

முதலாவது, 2007ஆம் ஆண்டில் வெளிவந்த ‘டென்னோ காயில்’. மிட்சுவோ இசோ இயக்கியது. 26 பகுதிகள் கொண்டது. இதில் வரும் பிள்ளைகள் ஒரு வகை மூக்குக்கண்ணாடி அணிந்துகொண்டால், தெருவில் இல்லாத பொருள்களும் விலங்குகளும் கண்ணுக்குத் தெரியும். அவ்வாறு மட்டுமே தெரியும் வளர்ப்பு நாய் ஒன்றை இழந்து ஒரு சிறுமி துயருறுகிறாள். தொட்டால் உணரக்கூடியதே உண்மை என்று தாய் அன்போடு தேற்றுகிறாள். தாய் கூறுவது தவறன்று. எனினும், தொட முடியாத ஒன்றிற்காக நெஞ்சு வலிக்கிறதே, அந்த வலி பொய்யா என்று அச்சிறுமி எண்ணுகிறாள். கைப்பேசியைப் பிடுங்கி வைக்கும் பெற்றோரும், அதற்காக அழும் பிள்ளைகளும் சேர்ந்து காண வேண்டிய தொடர் இது.

இரண்டாவது, ‘சில்வர் ஸ்பூன்’. 2013, 2014ஆம் ஆண்டுகளில் 22 பகுதிகளாக ஒளிபரப்பப்பட்டது. இதன் மூலக்கதையை வரைந்த ஹிரோமு அரகாவா, ஹொக்கைடோவில் பால் பண்ணைக் குடும்பம் ஒன்றில் வளர்ந்தவர். தேர்வுப் போட்டியில் மனமுடைந்த நகரத்து மாணவன் ஒருவன் விவசாயப் பள்ளியில் சேர்கிறான். விடியுமுன் எழுந்து கொட்டிலைத் துப்புரவு செய்கிறான். தான் பெயரிட்டு வளர்த்த பன்றிக்குட்டி இறைச்சிக்கு அனுப்பப்படும்போது, தன் உழைப்பின் ஊதியத்தால் அந்த இறைச்சியைத் தானே வாங்குகிறான். தட்டில் இருக்கும் உணவிற்குப் பின்னால் ஓர் உயிரும் பல கைகளின் உழைப்பும் உள்ளன என்பதை உணர்கிறான். விடியற்காலைப் பெரட்டுக்கு எழும் பெற்றோரின் வேலையைச் சொல்லக் கூச்சப்படும் பிள்ளை எவரேனும் இருப்பின், இதனைக் காண்பாராக.

மூன்றாவது, 2011ஆம் ஆண்டில் தொடங்கிய ‘சிஹாயாஃபுரு’. இது வீடியோ விளையாட்டிலிருந்து பிறந்ததன்று. ‘கருத்தா’ என்னும் பழைய அட்டை விளையாட்டைப் பற்றியது. 13ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்டதாகக் கருதப்படும் நூறு செய்யுள்களே அவ்விளையாட்டிற்கு அடிப்படை. ஒருவர் செய்யுளின் முற்பகுதியைப் படிக்கத் தொடங்கியதும், பிற்பகுதி எழுதப்பட்ட அட்டையை ஆட்டக்காரர் பாய்ந்து தொட வேண்டும். நூறும் மனப்பாடமாய் இருந்தாலன்றி ஆட முடியாது. மனனம் என்றாலே முகம் சுளிக்கும் மாணவச் செல்வங்களே, அங்கே மனனமே ஆட்டமாகிவிட்டது, பாருங்கள்!

ஆனால், எல்லாம் நல்லவையே என்று நான் கூறவரவில்லை. சில தொடர்கள் விற்பனைக்கென்றே பிறந்தவை. ஜப்பானியச் சிறுவரின் பழைய பம்பர விளையாட்டைப் பின்பற்றி 1999ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த ‘பேபிளேட்’ பம்பரத்திற்கு 2001ஆம் ஆண்டில் தொலைக்காட்சித் தொடர் வந்தது. புதிய வீரன் வந்தால் புதிய பம்பரமும் கடைக்கு வரும்; பிள்ளை கை நீட்டும்; தந்தையின் நாட்கூலி கரையும். பம்பரம் நல்லதே. கொய்யாக் கிளையைச் செதுக்கி நாங்கள் விட்ட பம்பரமும் சுழன்றது, வெள்ளிதான் செலவாகவில்லை.

மற்றொன்று, வரைந்த படம் என்றாலே குழந்தைகளுக்குரியது என்று எண்ணுவது பெரும் பிழை. 2022ஆம் ஆண்டில் வெளிவந்த ‘சைபர்பங்க்: எட்ஜ்ரன்னர்ஸ்’, ஒரு வீடியோ விளையாட்டின் உலகில் அமைந்தது, திறமான படைப்பு என்று பாராட்டப்பட்டது. ஆயினும், குருதியும் ஆபாசமும் மிகுந்த அத்தொடர் முற்றிலும் வளர்ந்தோர்க்கே உரியது. வயதுக் குறிப்பைப் பாராமல் கைப்பேசியைப் பிள்ளையின் கையில் கொடுப்பது, மருந்துப் புட்டியின் பெயரைப் படிக்காமல் ஊட்டுவதற்கு ஒப்பாகும்.

காணும் முறையிலும் கவனம் தேவை. 1997 டிசம்பர் 16ஆம் நாள் ‘போக்கிமோன்’ தொடரின் ஒரு பகுதியில் சிவப்பும் நீலமுமாய் விரைந்து மின்னிய ஒளியால், ஜப்பானில் 600க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் பிள்ளைகள், மருத்துவமனைகளுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். தொடர் சுமார் நான்கு மாதம் நிறுத்தி வைக்கப்பட்டது. அறையில் விளக்கேற்றி, திரையிலிருந்து விலகி அமர்ந்து பார்க்குமாறு அந்நாட்டு அனிமே தொடர்களில் இன்றும் அறிவிப்பு வருகிறது. இரவில் போர்வைக்குள் கைப்பேசியை ஒளித்துப் பார்க்கும் பிள்ளைகள் இதனை நினைவிற்கொள்க.

பெற்றோர்களே, நாள் முழுதும் வெயிலில் உழைத்துத் திரும்பும் உங்களை, பிள்ளையோடு அமர்ந்து இருபது பகுதிகளைப் பாருங்கள் என்று நான் கேட்கவில்லை. ஒரே ஒரு பகுதியைப் பாருங்கள். அதன்பின் மூன்றே வினாக்களைக் கேளுங்கள். இக்கதையில் உனக்குப் பிடித்தவர் யார்? அவர் செய்தவற்றுள் எது சரி, எது தவறு? இதைப் பார்த்தபின் உனக்கு எதையேனும் வாங்கத் தோன்றுகிறதா, அல்லது எதையேனும் செய்யத் தோன்றுகிறதா? மூன்றாம் வினாவின் விடையிலேயே அத்தொடரின் தரம் தெரிந்துவிடும்.

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில், ‘மாணவன் அறிந்ததிலிருந்து அறியாததற்கு அழைத்துச் செல்க’ என்று எங்களுக்குக் கற்பித்தனர். அம்மாணவன் அறிந்ததை அறிந்துகொள்ள நான் முயலவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கற்பித்தவன், அடிப்படைப் பாடத்தில் தவறினேன். அவனை அழைத்து என் தவற்றைக் கூறி, ஏட்டில் நான் எழுதிய வரியை நானே அடித்துவிட்டேன். அவன் கட்டுரை, எழுத்துப் பிழைகள் மட்டும் திருத்தப்பட்டு, இம்மலரின் மாணவர் பகுதியில் வெளிவருகிறது. கடைசி வரி வரை படியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.



— தலைமையாசிரியர்