நாணயம் வேண்டா, நல்ல சுவர் வேண்டும்

பழைய இசைத்தட்டு பாடும்போது ஊசி இடையிலே துள்ளினால், நம்மவர் செய்யும் முதற் காரியம் ஊசித்தலையின்மேல் ஒரு நாணயத்தை வைப்பது. பாட்டு ஒருவாறு ஓடிவிடும். வைத்தவரும் வெற்றி கண்டவராய் அமர்ந்துவிடுவார். இவ்வழக்கம் அறவே ஒழிய வேண்டும் என்பது என் கருத்து.

சென்ற விடுமுறையில் மருதமுனையிலுள்ள நண்பர் ஒருவரின் இல்லத்துக்குச் சென்றிருந்தேன். நாகூர் ஈ. எம். ஹனீபா அவர்களின் இசைத்தட்டுகள் சில அவரிடம் உள்ளன. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் கடல் பொங்கி இக்கரையூர்களை அழித்தபோது, மேல்மாடியில் இருந்தமையால் தப்பியவை அவை. அவற்றைக் கணினியிற் பதிந்து மாணவர்க்கு வழங்க வேண்டும் என்பது அவர் விருப்பம். மேல்மாடியோ பலகைத் தளம். கீழே கைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. பாட்டுக் கேட்கும் ஆவலாற் பேரப்பிள்ளைகள் ஓடிவந்தனர், ஊசி துள்ளியது. நண்பர் சட்டைப்பையிலிருந்து ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்தார். நான் அவர் கையைப் பற்றிக்கொண்டேன்.

காரணம் இதுதான். தட்டின் பள்ளத்துக்கும் தனக்கும் இடையே நிகழும் அசைவு ஒன்றையே ஊசி அறியும். அவ்வசைவு பாடகரின் குரலால் வந்ததா, நடப்பவரின் காலால் வந்ததா என்று பகுத்தறியும் ஆற்றல் அதற்கில்லை. நெடுந்தட்டின் பள்ளமோ ஒரு மில்லிமீற்றரிற் பத்திலொரு பங்கு அகலமும் இல்லாதது. ஆதலால் நமக்குப் புலனாகாத நடுக்கமும் அதற்குப் பெருநடுக்கமே. இன்றைய நல்ல கருவிகளில் ஊசி தட்டை அழுத்தும் பாரம் பெரும்பாலும் 2 கிராம் அளவினது. நாணயம் அப்பாரத்தைப் பன்மடங்காக்குகிறது. துள்ளல் நிற்கலாம், ஆனால் ஓடுந்தோறும் பள்ளத்தின் சுவர் தேய்கிறது. தேய்ந்த குரல் மீளாது. நோய் தரையிலிருக்க மருந்தை ஊசிக்கு இடுதல் முறையாகுமா?

தரையின் நோயும் இருவகைப்படும். தறியின் அடியும் ஒலிபெருக்கியின் அதிர்வும் விரைவானவை. காலடி பட்டுப் பலகைத் தளம் மேலுங் கீழுமாக ஆடுவது மெதுவானது. விநாடிக்குச் சில தடவையே நிகழ்வது. முன்னதற்கு, மெத்தென்ற இறப்பர்த் துண்டுகளின்மேல் கனத்த கற்பலகையை இட்டு, அதன்மேற் கருவியை வைத்தல் நன்மருந்து. பின்னதற்கு அஃது உதவாது. இறப்பரும் கல்லும் சேர்ந்து ஆடும் இயல்பான ஆட்டம் தளத்தின் ஆட்டத்தோடு ஒத்துவிடின், துள்ளல் மிகுதலும் உண்டு. காலடிக்கு மருந்து இடமாற்றமே. நிலத்தின்மேலிட்ட சீமெந்துத் தரையோ, உறுதியான சுவரில் இறுக அறைந்த தட்டோ வேண்டும். ஒலிபெருக்கியைக் கருவியிருக்கும் மேசையில் வைத்தல் எக்காலும் ஆகாது.

இவ்வுண்மையை அறிஞர் முன்னரே கண்டனர். அமெரிக்கராகிய எட்கார் வில்ச்சர் அமைத்து 1961 இல் வெளிவந்த கருவியில், தட்டுச் சுழலும் பீடமும் ஊசித்தண்டும் ஒரே சட்டத்திற் பொருந்தி, விற்சுருள்களின்மேல் நின்றன. இரண்டும் ஒன்றாகவே அசைந்தால் அவற்றிடையே வேறுபாடு எழாது. வேறுபாடு எழாதவிடத்து ஊசிக்கு அறிவதற்கு ஒன்றுமில்லை.

“இணையத்தில் எல்லாம் கிடைக்கின்றனவே, இதற்கு இத்துணைப் பாடா?” என்று மாணவர் சிலர் வினவுகின்றனர். இணையத்தில் ஏறியதும் யாரோ ஒருவர் ஏதோ ஒரு மேசைமேல் வைத்துப் பதிந்ததன்றோ? ஏடு பெயர்த்தெழுதியோர் விட்ட பிழைகளைக் களைய சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் பட்ட பாட்டை நாம் அறிவோம். அவர்கட்கு ஒப்புநோக்க வேறு ஏடுகளேனும் இருந்தன. நாளை தட்டு உடைந்தபின், இன்று நாம் எடுக்கும் படியே மூலமாகும். குற்றியலுகரத்துக்கு அரை மாத்திரையே அளவு. ஒரு துள்ளலில் அதுமட்டுமன்று, ஓர் அடியே மறைந்துபோகும். மறைந்ததை எந்த ஏட்டைக் கொண்டு நிரப்புவது?

அன்று மாலை, தறி நின்றபின், கருவியைக் கீழே இறக்கினோம். தச்சர் ஒருவர் வந்து, முன்னறைச் சுவரில் இரும்புத் தாங்கி அறைந்து தட்டமைத்துக் கொடுத்தார். பிள்ளைகள் முன்போலவே ஓடினர். ஊசி அசையவில்லை, ஹனீபா அவர்களின் குரல் இடையறாது ஒலித்தது. நண்பர் நாணயத்தைச் சட்டைப்பையிற் போட்டுக்கொண்டார்.

பழந்தட்டுகளைப் பதிய முற்படும் பாடசாலைகளுக்கும் நூலகங்களுக்கும் என் வேண்டுகோள் இது. விலையுயர்ந்த ஊசி வாங்குமுன் சுவரைப் பாருங்கள், தச்சரை அழையுங்கள். செய்யுளுக்கு அசை இன்றியமையாதது. இசைத்தட்டின் அடியிலோ அசைவே ஆகாது.