செய்தியிலிருந்து மூலத்திற்கு

விஞ்ஞானம் பயிலும் மாணவர் கைக்கு இருவகைக் கட்டுரைகள் வருகின்றன. ஆராய்ச்சியாளர் தம்மையொத்த ஆராய்ச்சியாளருக்கு எழுதுவது ஒன்று. அதனை எளிமையாக்கிப் பொதுமக்களுக்கு வழங்குவது மற்றொன்று. இரண்டும் வேண்டுவனவே. ஆயினும், பின்னதிலிருந்து முன்னதைத் தேடிச் சென்று ஒப்பிட்டு நோக்கும் பயிற்சியைக் கல்லூரிகள் முறையாக அளித்தல் வேண்டும் என்பது என் கருத்து.

இதன் தேவையைப் பெங்களூரில் நிகழ்ந்த ஒன்றே நன்கு விளக்கும். 2018ஆம் ஆண்டு ஜூலையில், இந்திய விஞ்ஞானக் கழக ஆய்வாளர் இருவர், வெள்ளியும் பொன்னும் சேர்ந்த நுண்துகள் அமைப்பொன்றில் மீக்கடத்தல், அதாவது மின்தடை அறவே மறையும் பண்பு, 236 கெல்வின் வெப்பநிலையிலேயே தோன்றுவதாக ஒரு கட்டுரை வெளியிட்டனர். சாதாரண அழுத்தத்தில் அதுவரை நிறுவப்பட்டிருந்த உச்ச அளவு ஏறத்தாழ 135 கெல்வினே. ஆகவே, செய்தி விரைந்து பரவியது.

அக்கட்டுரை வெளிவந்த இடம் ‘ஆர்க்கைவ்’ என்னும் இணையக் களஞ்சியம். அங்குக் கட்டுரைகள், துறை வல்லுநர் பரிசீலனைக்கு முன்னரே வெளியிடப்படுகின்றன. மறுமாதமே மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த பிரையன் ஸ்கின்னர் ஒரு வினா எழுப்பினார். வெவ்வேறு காந்தப்புலங்களில் எடுக்கப்பட்ட இரு அளவீடுகளில், ஒழுங்கின்றி அமைய வேண்டிய சிறு ஏற்ற இறக்கங்கள் ஒரே வடிவில் காணப்படுவது எவ்வாறு என்பதே அவ்வினா. 2019 மே மாதத்தில் ஆய்வாளர்கள் மேலும் சிலருடன் சேர்ந்து, கூடுதல் அளவீடுகளுடன் திருத்திய கட்டுரையை வெளியிட்டனர். இங்கு நாம் கருதத்தக்கது ஒன்று: அவ்வினா வரைபடத்தை நோக்கியவருக்கே தோன்றியது, செய்தியை மட்டும் படித்தவருக்குத் தோன்ற வழியில்லை.

வல்லுநர் பரிசீலனை பெற்ற கட்டுரை முடிந்த முடிபு என்று கொள்வதும் தவறாகும். மீக்கடத்தல் பற்றியே 2020இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த கட்டுரையொன்றை அவ்விதழே 2022இல் திரும்பப் பெற்றது. எனவே, மாணவர் கேட்க வேண்டிய வினாக்கள் சில உள. கட்டுரை எங்கு வெளிவந்தது? வல்லுநர் பரிசீலித்தனரா? அளவீடுகளும் செய்முறையும் காட்டப்பட்டுள்ளனவா? பிறர் அதனை மீண்டும் செய்து கண்டனரா? பின்னர்த் திருத்தப்பட்டதா, திரும்பப் பெறப்பட்டதா?

மூலக் கட்டுரை எட்டாக்கனி என்று அஞ்ச வேண்டுவதில்லை. சர் சி. வி. ராமன் 1934இல் பெங்களூரில் நிறுவிய இந்திய விஞ்ஞான அகாடமியின் இதழ்களை இணையத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம். அவற்றுள் 1996இல் தொடங்கிய ‘ரெசனன்ஸ்’ மாணவர்க்கென்றே நடத்தப்படுவது. இருவகைக் கட்டுரைகளுக்கும் இடையே பாலமாக அமைவது. நாளிதழ்ச் செய்தி ஒன்றை அளித்து, அதன் மூலத்தைத் தேடி, சுருக்கத்தையும் வரைபடங்களையும் முடிவுரையையும் படித்து, வேறுபாடுகளை எழுதுமாறு ஆசிரியர் பணிக்கலாம். மூலத்தில் ‘இருக்கக்கூடும்’ என்றிருப்பது செய்தியில் ‘இருக்கிறது’ என்று மாறியிருப்பதை மாணவர் தாமே காண்பர்.

இக்கடமை ஆசிரியருடையது மட்டுமன்று. தமிழில் விஞ்ஞானத்தை எழுதுவோர்க்கும் மொழிபெயர்ப்போர்க்கும் உரியது. ஆங்கிலத்தில் செய்தி படிப்பவர் அதிலுள்ள சொற்களைக் கொண்டே மூலத்தைத் தேடிவிடலாம். தமிழில் படிப்பவருக்கோ, கலைச்சொற்கள் மாறிவிடுவதால், அவ்வழி எளிதன்று. ஆதலின், ஆய்வாளர் பெயர், இதழின் பெயர், ஆண்டு ஆகியவற்றைக் கட்டுரைதோறும் குறிப்பிடுவதையும், ஐயத்தைக் காட்டும் சொல்லை ஐயத்துடனேயே பெயர்ப்பதையும் நாம் விதியாகக் கொள்ளல் வேண்டும். மூலத்திற்கு வழிகாட்டாத கட்டுரை, மாணவரை நம்பச் செய்யுமேயன்றி ஆராயச் செய்யாது.