கேமராவுக்காகச் சட்டையைக் கழற்றச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழின் சின்னத்திரைப் பக்கத்தில், அமெரிக்காவின் ஃபுளோரிடா சதுப்பு நிலத்தில் மலைப்பாம்பு வேட்டையாடுகிறவர்களைப் பற்றிய தொடர் ஒன்றைப் பாராட்டி எழுதியிருந்தீர்கள். அதில் வருகிறவர்கள்தான் உலகிலேயே தலைசிறந்த பாம்பு வேட்டைக்காரர்கள் என்று கட்டுரையாளர் தீர்மானமாகச் சொல்லியிருந்தார். அவர் யாரையும் வேண்டுமென்றே மறைத்தார் என்று நான் சொல்லவில்லை. தொலைக்காட்சி காட்டியதை நம்பி எழுதியிருக்கிறார். நம் வீட்டுக் கூடங்களில் உட்கார்ந்து பார்க்கிற எல்லோரும் அப்படித்தான் நம்புகிறோம். என் ஆட்சேபமே அதுதான்.

ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸ் பகுதியில் பர்மிய மலைப்பாம்புகள் பெருகியது உண்மை. செல்லப்பிராணியாக வாங்கி வளர்க்கப்பட்ட பாம்புகள் வெளியே போய் இனம் பெருக்கிவிட்டன. அவை பரவிய இடங்களில் சாலையோரக் கணக்கெடுப்பின்போது கண்ணில் படும் ரக்கூன்கள் 99 சதவீதம் குறைந்துவிட்டதாக 2012-இல் வந்த ஆய்வு சொன்னது. மறு ஆண்டே அரசு பொதுமக்களை அழைத்து ஒரு வேட்டைப் போட்டி நடத்தியது. ஏறக்குறைய 1,600 பேர் பெயர் கொடுத்தார்கள். பிடிபட்டவை 68 பாம்புகள். புல்லுக்குள் கிடக்கும் மலைப்பாம்பைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கடினம்.

2017 ஜனவரியில் ஃபுளோரிடா பல்கலைக்கழகமும் அந்த மாநில வனவிலங்கு ஆணையமும் நம் செங்கல்பட்டுப் பகுதியிலிருந்து இரண்டு பேரை வரவழைத்தன. மாசி சடையன், வடிவேல் கோபால். இருவரும் இருளர் பழங்குடியினர். அங்கே போய் இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். அதில் ஒன்று கைவிடப்பட்ட ஏவுகணைத் தளத்துக்குள் பதுங்கியிருந்த 16 அடிப் பெண் பாம்பு. அங்குள்ள வேட்டைக்காரர்கள் வண்டியில் மெதுவாகப் போய்ச் சாலையோரத்தைப் பார்ப்பது வழக்கம். இவர்கள் வண்டியை விட்டிறங்கி நேராகப் புதருக்குள் நடந்தார்கள். எச்சம் கிடக்கிறதா, உரித்த சட்டை கிடக்கிறதா, புல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்துப் பார்த்து நடந்தார்கள். தலைமுறை தலைமுறையாக நம் வயல் வரப்புகளில் கற்ற வித்தை, முன்பின் பார்த்திராத ஒரு நாட்டிலும் பலித்தது. 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

இதற்கு முன்னும் பின்னும் அமெரிக்கத் தொலைக்காட்சிகள் அதே சதுப்பு நிலத்தை வைத்துத் தொடர்கள் எடுத்தன. 2010-இல் 'பைத்தான் ஹன்டர்ஸ்', 2019-இல் 'கார்டியன்ஸ் ஆஃப் தி கிளேட்ஸ்', 2020-இல் 'ஸ்வாம்ப் பீப்பிள்: சர்ப்பண்ட் இன்வேஷன்'. இரவில் விளக்கடித்துப் பாம்பைத் தேடுவது, பாய்ந்து பிடிப்பது, கட்டிப் புரள்வது, பின்னால் பெரிய இசை. அவர்கள் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 'கார்டியன்ஸ்' தொடரின் நாயகர் வெறுங்காலோடு வேட்டைக்குப் போகிறவர். அது அவருடைய துணிச்சலின் அடையாளமாகத் தொடர் முழுக்கக் கொண்டாடப்படுகிறது. எங்கள் பக்கத்து இருளர் பெரியவர் செருப்பில்லாமல் வரப்பில் நின்றால் அதே கண்கள் அதில் வறுமையையும் காட்டுத்தனத்தையும் மட்டுமே காண்கின்றன. வேட்டைக்காரர் என்றால் மதிக்கத்தக்கவரா, அஞ்சத்தக்கவரா, வேடிக்கை பார்க்கத்தக்கவரா என்பதைக் கேமரா எங்கே நிற்கிறது என்பதே முடிவு செய்துவிடுகிறது.

இதை நான் கண்ணெதிரே பார்த்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தமிழ்த் தொலைக்காட்சிக் குழு எங்கள் ஊருக்கு அருகிலுள்ள இருளர் குடியிருப்புக்கு வந்தது. என் பழைய மாணவன் ஒருவன் அங்கே இருப்பதால் நானும் போயிருந்தேன். படப்பிடிப்புக்காக அங்கிருந்த பெரியவர் ஒருவர் வெளுத்த சட்டை போட்டு, தலை சீவி வந்து நின்றார். முதலில் அந்தச் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். பிறகு செருப்பை. பிறகு, ஏதாவது மந்திரம் சொல்வீர்களே, அதைச் சொல்லுங்கள் என்றார்கள். தனக்கு மந்திரம் எதுவும் தெரியாது, எங்கள் தெய்வம் கன்னியம்மாளைக் கும்பிட்டுவிட்டுத் தேடப் போவோம், அவ்வளவுதான் என்று அவர் சொன்னார். அந்தப் பதில் ஒளிபரப்பில் வரவில்லை. வந்ததெல்லாம் உடம்பும் பாம்பும் உடுக்கைச் சத்தமும்தான். எலிவளையின் வாயில் படிந்திருக்கும் வழுவழுப்பைப் பார்த்து உள்ளே பாம்பு இருக்கிறதா என்று அவர் எப்படி அறிகிறார், கடப்பாரையை எந்தக் கோணத்தில் போட்டால் பாம்பின் மேல் படாது என்று எப்படிக் கணிக்கிறார் என்பதையெல்லாம் அவர் அன்று பொறுமையாக விளக்கினார். முப்பது ஆண்டு விலங்கியல் நடத்திய எனக்கே அதில் பாதி புதிது. அதில் ஒரு நொடிகூடத் திரையில் இல்லை.

இதனால் என்ன நட்டம் என்று கேட்பவர்களுக்காக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் குடியிருப்பிலிருந்து கல்லூரிக்குப் போக வேண்டிய ஒரு பையன், பழங்குடிச் சான்றிதழுக்காக ஓர் அலுவலகத்துக்கு அலைந்தான். அங்கிருந்தவர் அவனிடம் கேட்ட முதல் கேள்வி: "பாம்பு புடிக்கத் தெரியுமா?" தெரியாது என்றான். செங்கல் சூளையில் கல் அறுக்கும் தாய் தகப்பனோடு வளர்ந்தவன். அவனுக்கு எப்படித் தெரியும்? அப்படியானால் நீ எப்படி இருளன் என்று அவர் கேட்டாராம். தொலைக்காட்சியில் பார்த்த உருவத்தோடு எதிரில் நிற்கும் பையன் பொருந்தவில்லை. அதனால் அவன் பொய் சொல்கிறான் என்றாகிவிட்டது. வட மாவட்டங்களில் இருளர்களில் பெரும்பாலோர் சூளையிலும் அரிசி ஆலையிலும் தோப்பிலும் கூலி வேலை செய்கிறவர்கள். முன்பணம் வாங்கிக் கொத்தடிமையாகச் சிக்கி மீட்கப்படுகிறவர்களிலும் அவர்கள் அதிகம். இந்த வாழ்க்கையை எந்த அலைவரிசையும் அரை மணி நேரம் காட்டியதாக எனக்கு நினைவில்லை. பள்ளியில் இருளர் பிள்ளைகளைப் பார்த்து மற்றப் பிள்ளைகள் சீறிக் காட்டுவதை நான் அதட்டி நிறுத்தியிருக்கிறேன். எட்டு வயதுப் பிள்ளைக்கு அதைக் கற்றுக் கொடுத்தது எது?

படம் பிடிக்கப்படுகிறவர்களுக்கு மறுத்துப் பேச வலு இருந்தால் கதை வேறு. 1975 செப்டம்பரில் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி 'தி கன்ஸ் ஆஃப் ஆட்டம்' என்றொரு ஆவணப்படம் ஒளிபரப்பியது. குப்பைமேட்டுக்கு இரை தேடி வரும் கரடிகளைச் சுடுவது போன்ற காட்சிகள் அதில் இருந்தன. ஒழுங்காக வேட்டையாடும் எங்களையும் கொலைகாரர்களாகக் காட்டிவிட்டார்கள் என்று வேட்டைக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். ஒளிபரப்புக்கு முன்பே விளம்பரதாரர்களில் பெரும்பாலோர் விலகினார்கள். வழக்குப் போடப்பட்டது. அந்த எதிர்ப்பையே பொருளாக வைத்து இன்னொரு படத்தை அதே நிறுவனம் சில வாரங்களில் ஒளிபரப்ப வேண்டியதாயிற்று. அவர்கள் சொன்னது முழுக்க நியாயமா என்பது வேறு விஷயம். சங்கமும் பணமும் வழக்கறிஞரும் இருந்ததால் அவர்கள் குரல் கேட்டது. எங்கள் குடியிருப்புப் பெரியவர் எந்த விளம்பரதாரரிடம் போய் முறையிடுவார்?

மக்களுக்குக் காட்டியே ஆக வேண்டிய கதை ஒன்று இந்த மண்ணில் இருக்கிறது. இருளர்கள் ஒரு காலத்தில் தோலுக்காகப் பாம்பு பிடித்தவர்கள். 1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், பின்னர் வந்த பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையும் அந்தப் பிழைப்பை நிறுத்தின. 1978-இல் பாம்பியல் வல்லுநர் ராமுலஸ் விட்டேகர் துணையோடு இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் அது இன்றும் இயங்குகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் வனத்துறை அனுமதித்த எண்ணிக்கையில் மட்டும் பிடித்து வந்து, மண்பானையில் வைத்து, பானையின் வாய்க்குத் துணி கட்டி, வாரம் ஒருமுறை நஞ்சு எடுக்கிறார்கள். சில வாரங்களில் வயிற்றுச் செதிலில் அடையாளம் செய்து காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அதே பாம்பை உடனே மறுபடி பிடித்துவிடக் கூடாது என்பதற்காக அந்த அடையாளம். இந்தியாவில் தயாராகும் விஷமுறிவு மருந்துக்கான நஞ்சில் பெரும்பங்கு இங்கிருந்துதான் நெடுங்காலமாகப் போகிறது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக 2020-இல் ஆய்வு வெளியான நாடு இது. நம் மாநிலமே 2024-இல் பாம்புக்கடியைக் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் சேர்த்தது. அரசு மருத்துவமனையில் ஒரு விவசாயி பிழைத்து எழும்போது, அந்த மருந்துக்குப் பின்னால் யாரோ ஓர் இருளரின் கை இருக்க வாய்ப்பு மிக அதிகம். சங்கத்தில் பெண்களும் இருக்கிறார்கள். பாம்பு பிடிக்கும் பெண்ணைத் தொலைக்காட்சியில் நீங்கள் எத்தனை முறை பார்த்திருக்கிறீர்கள்?

கொல்லாமல் பிடித்து, பயன் எடுத்து, திரும்ப விடுவதைப் பரபரப்பாகக் காட்டுவது கடினம் என்று நிகழ்ச்சி எடுப்பவர்கள் சொல்லலாம். பாம்பின் வாலைப் பிடித்துச் சுழற்றுவதும் அது விரித்த படத்தில் முத்தமிடுவதும்தான் அவர்களுக்கு எளிது. அதைப் பார்த்துக் கைபேசியோடு பாம்பின் அருகே போகும் இளைஞர்கள் பெருகிவிட்டார்கள். கேரளத்தில் தொலைக்காட்சியால் புகழ்பெற்ற பாம்பு பிடிப்பவர் ஒருவரே 2022-இல் நாகம் தீண்டி உயிர் போய் வந்தார். அந்த மாநில வனத்துறை அதற்கு முன்பே, 2020-இல், பயிற்சியும் சான்றிதழும் பெற்றவர்கள்தான் பாம்பு மீட்கலாம் என்று நெறிமுறை கொண்டுவந்துவிட்டது. இருளர் பெரியவர்கள் யாரும் பாம்போடு விளையாடுவதில்லை. தேவையில்லாமல் அதைத் தொடுவதே தப்பு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவர்கள் அவர்கள்.

உங்கள் இதழிடம் நான் கேட்பது, அந்தக் கட்டுரையின் தவறைத் திருத்தி மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரின் பெயரையும் அதே பக்கத்தில் அச்சிட வேண்டும் என்பது. தமிழ்த் தொலைக்காட்சிகளிடம் கேட்பது இன்னும் கொஞ்சம் அதிகம். இருளர் குடியிருப்புக்குப் படமெடுக்கப் போனால் அன்றைய கூலியைக் கொடுங்கள். அவர்களுக்கு ஒரு நாள் வேலை போய்விடுகிறது. அவர்கள் உடுத்தி வந்த உடையிலேயே படம் பிடியுங்கள். உரிமத்தோடு நடக்கும் தொழில் இது என்பதைத் திரையில் எழுதுங்கள். ஒளிபரப்புவதற்கு முன் அதை அந்தக் குடியிருப்பிலேயே போட்டுக் காட்டுங்கள். அவர்கள் வேண்டாம் என்று சொல்லும் காட்சியை வெட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை,
திருப்போரூர் வட்டம், செங்கல்பட்டு மாவட்டம்